மருத்துவமனை டயட் டெக்னீஷியன் வேலை: டயட் ஷீட்டிலிருந்து மீதித் தட்டு வரை

ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 1500 கிலோ கலோரி வேண்டும் என்று டயட்டீஷியன் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். கிச்சன் அதற்கேற்ற தட்டைப் போடுகிறது, டிராலி வார்டுக்குப் போகிறது. மாலையில் விசாரித்தால், "நல்லா சாப்பிட்டாங்க" என்கிறார் கூட இருப்பவர். உள்ளே போனது 750ஆகக்கூட இருக்கலாம். எழுதியதற்கும் சாப்பிட்டதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அளந்து, எழுதி, முடிந்தவரை குறைப்பதுதான் டயட் டெக்னீஷியனின் வேலை. எடை பார்ப்பது, டியூப் வழியாகக் கொடுக்கும் திரவ உணவான ஃபீடைக் கலக்குவது, உணவில் தெர்மாமீட்டர் குத்துவது எல்லாம் இதற்குத்தான்.

நம் ஊரில் இந்த வேலைக்கு ஒரே பெயர் கிடையாது. டயட் அசிஸ்டென்ட், டயட் டெக்னீஷியன், ஜூனியர் டயட்டீஷியன் என்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். ஊட்டச்சத்தும் உணவியலும் பி.எஸ்சி. முடித்தவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நுழைகிறார்கள். 2021இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் ஆகியோரையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இது தனித் தேர்வும் பதிவும் உள்ள தொழில். டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுத 2024 முதல் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று ஆனபிறகு, இளங்கலையோடு நிற்பவர்கள் பலர் அங்கே இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். இனி சொல்லப்போவது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி டயட் பிரிவை வைத்து.

எல்லைக்கோட்டை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். என்ன டயட் என்று தீர்மானிப்பது டயட்டீஷியனும் டாக்டரும். அந்த டயட்டுக்குள் இட்லிக்குப் பதில் இடியாப்பம் மாற்றலாம், மூன்று வேளையை ஆறாகப் பிரிக்கலாம், சூடு போதவில்லை என்றால் தட்டைத் திருப்பி அனுப்பலாம். இவை உங்கள் கையில். சாஃப்ட் டயட்டை (மென்மையான உணவு) நார்மலாக்குவது, தண்ணீர் அளவைக் கூட்டுவது, ஃபீடில் உப்பு சேர்ப்பது உங்கள் கையில் இல்லை. நோயாளி கெஞ்சினாலும், வீட்டார் சண்டை போட்டாலும் இல்லை.

ஷிப்ட் தொடங்கும்போது

காலை 6 மணி ஷிப்ட் என்றால் முதல் அரை மணி நேரம் கிச்சனுக்குள் போகாதீர்கள். வார்டு வாரியாக டயட் லிஸ்ட்டைச் சரிபார்க்க வேண்டும். இரவு அட்மிஷன், டிஸ்சார்ஜ், வார்டு மாற்றம், இன்று ஆபரேஷன் உள்ளவர்கள், ஸ்கேனுக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர்கள் ஆகிய ஐந்தையும் நைட் சிஸ்டரிடம் நேரில் அல்லது போனில் கேட்டு டிக் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பது நேற்று இரவு 10 மணி நிலவரமாக இருக்கக்கூடும்.

பெட் நம்பரை வைத்துத் தட்டு கொடுக்கவே கூடாது. இரவில் ஒருவரை ஜன்னல் ஓரத்திலிருந்து ஆக்சிஜன் பாயின்ட் பக்கம் மாற்றியிருப்பார்கள். 14ஆம் பெட்டின் சர்க்கரை நோயாளித் தட்டு புதிதாக வந்த கிட்னி நோயாளிக்குப் போகும். பெயர், ஆஸ்பத்திரி பதிவு எண் இரண்டையும் கைப்பட்டையில் பாருங்கள். "நீங்க முருகேசனா?" என்று கேட்டால் காது கேட்காத பெரியவர் தலையாட்டிவிடுவார். "ஐயா, உங்க பேரு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும்.

வெறும் வயிற்றுக்காரர்களைத் தனியாக எழுதி வையுங்கள். மயக்க மருந்துக்கு முன் லேசான உணவு என்றால் 6 மணி நேரமும், தெளிந்த திரவம் என்றால் 2 மணி நேரமும் இடைவெளி என்பது பொதுவான விதி. உங்கள் ஆஸ்பத்திரி அனஸ்தீஷியா பிரிவு எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கோட்டைவிடுவது வேறு இடத்தில். காலை 10 மணி ஆபரேஷன் மாலை 4க்குத் தள்ளிப்போகும், அப்புறம் நாளைக்கு என்பார்கள். நோயாளி முந்தின இரவிலிருந்து பட்டினி. கிச்சன் மூடியிருக்கும். பகல் 11க்கு ஒருமுறை, 2க்கு ஒருமுறை தியேட்டர் லிஸ்ட்டை விசாரித்து, தள்ளிப்போனவருக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்வது உங்கள் பொறுப்பு. இதை வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

இன்சுலின் போடுபவர்களின் தட்டு டிராலியில் முதலில் இறங்க வேண்டும். ரெகுலர் இன்சுலின் போட்ட அரை மணியில் சாப்பாடு வேண்டும். வேகமாக வேலை செய்யும் வகைக்கு 15 நிமிடத்துக்குள். டிராலி லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சிஸ்டருக்குப் போன் செய்து, "சிஸ்டர், தட்டு வர இருபது நிமிஷம் ஆகும், இன்சுலின் இன்னும் போடலேன்னா கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லுங்கள். லோ சுகர் ஆகித் தவிப்பதை ஒரு போன் தடுக்கும்.

முதல் 24 மணி நேரத்தில் ஸ்கிரீனிங்

அட்மிஷன் ஆன ஒவ்வொருவருக்கும் சத்துக்குறைவு அபாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி தரச்சான்றுக்கு வருபவர்கள் முதலில் கேட்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று. பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் 'மஸ்ட்' கருவியில் மூன்று கேள்விகள்தான். பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 20க்கு மேல் என்றால் மதிப்பெண் 0, 18.5 முதல் 20 வரை 1, 18.5க்குக் கீழ் 2. கடந்த 3 முதல் 6 மாதத்தில் தானாக எடை குறைந்தது 5 சதவீதத்துக்குள் என்றால் 0, 5 முதல் 10 வரை 1, 10க்கு மேல் 2. கடும் நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பாடு இல்லை அல்லது இருக்காது என்றால் 2. கூட்டினால் 0 குறைந்த அபாயம், 1 நடுத்தரம், 2ம் அதற்கு மேலும் அதிக அபாயம். அதிக அபாயம் என்றால் அன்றே டயட்டீஷியனுக்குத் தகவல் போக வேண்டும்.

ஒரு கணக்கு: மூன்று மாதம் முன்பு 62 கிலோ, இன்று 56. குறைந்தது 6. ஆறை 62ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 9.7 சதவீதம். மதிப்பெண் 1. பழைய எடையால் வகுக்க வேண்டும், இன்றைய எடையால் அல்ல. 56ஆல் வகுத்தால் 10.7 வரும், மதிப்பெண் 2ஆக ஏறிவிடும்.

பழைய எடை யாருக்கும் நினைவில் இருக்காது. "முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?" என்றால் பதில் வராது. "வளையல் லூஸ் ஆயிடுச்சாம்மா? ஜாக்கெட் பிடிச்சுத் தைச்சீங்களா? பெல்ட்டுல புது ஓட்டை போட்டீங்களா ஐயா?" என்று கேளுங்கள். ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தது, பழைய ஓ.பி. சீட்டில் எழுதியது, கர்ப்பகால அட்டை எல்லாமே சாட்சிதான்.

எடை பார்ப்பதில் தவறுகள் இப்படித்தான் வரும்: தராசு மெத்தென்ற விரிப்பின் மேல் இருக்கும், மூத்திரப் பை காலில் தொங்கும், நேற்று காலை வெறும் வயிற்றில், இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரே தராசு, ஒரே நேரம், மெல்லிய உடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் வீக்கம், வயிற்றில் நீர் இருந்தால் எடைக்குப் பக்கத்தில் 'வீக்கம் உண்டு' என்று கட்டாயம் எழுத வேண்டும். கல்லீரல் நோயாளி எடை கூடுவது பல சமயம் நீர்தான். தசை கரைந்துகொண்டிருக்கும், தராசு சந்தோஷமான எண்ணைக் காட்டும்.

நிற்க முடியாதவருக்கு உயரம் கணக்கிட இடது முன்கை எலும்பின் நீளம் உதவும். கையை எதிர்த் தோளைத் தொடுகிற மாதிரி மார்பின் குறுக்கே மடக்கி, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டில் துருத்தும் எலும்பின் நடு வரை அளந்து, மஸ்ட் அட்டவணையில் உயரம் பார்க்கலாம். எடையே பார்க்க முடியாவிட்டால் மேல்கையின் நடுச்சுற்றளவு. 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பி.எம்.ஐ. 20க்குக் கீழ் இருக்க வாய்ப்பு அதிகம். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு உடல் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம் இல்லை என்று கணக்கு. இப்போது 55 கிலோ என்றால் 55ஐ 0.94ஆல் வகுத்து 58.5 என்று எடுத்துக்கொண்டு பி.எம்.ஐ. போடுங்கள். நம் ஊரில் சர்க்கரையால் கால் இழந்தவர்கள் வார்டுக்கு ஒருவராவது இருப்பார்கள் என்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

பத்து நாளாக எதுவும் சாப்பிடாமல் வந்தவர், பி.எம்.ஐ. 16க்குக் கீழே உள்ளவர், நீண்டகாலக் குடிப்பழக்கம் உள்ளவர் கண்ணில் பட்டால் உடனே தெரிவியுங்கள். இவர்களுக்கு 'பாவம், நல்லா போடுங்க' என்று திடீரென்று முழுச் சாப்பாடு கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயம் பாதிக்கும். எவ்வளவில் தொடங்கி எப்படி ஏற்றுவது, தயமின் (வைட்டமின் பி1) எப்போது என்பதை டாக்டரும் டயட்டீஷியனும் சொல்வார்கள்.

டயட்டின் பெயரும் தட்டில் இருப்பதும்

டயட் பட்டியல் எல்லா ஆஸ்பத்திரியிலும் அச்சடித்து ஒட்டியிருக்கும். அதில் இல்லாத விஷயங்கள்தான் தொல்லை தரும்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் உப்பில் கிட்டத்தட்ட 390 மில்லிகிராம் சோடியம். '2 கிராம் சோடியம்' என்று எழுதியிருந்தால் நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சின்ன டீஸ்பூன். கிச்சனில் சிலர் இதை '2 கிராம் உப்பு' என்று படித்துச் சப்பென்று சமைத்துவிடுவார்கள், நோயாளி சாப்பிடாமல் தள்ளுவார். நல்ல வழி: உப்பில்லாமல் சமைத்து, ஒரு வேளைக்கு ஒரு கிராம் உப்புப் பொட்டலம் தனியாகத் தட்டில் வைப்பது. மேலே தூவிய உப்பு நாக்குக்கு உறைக்கும், குழம்பில் கரைந்த உப்பைவிடக் குறைவாகவே போதும். இட்லி மாவில் அரைக்கும்போதே உப்பு போடுவதால் உப்பில்லா மாவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சோடியம்தான். ரொட்டி, பிஸ்கட், மோர் மிளகாய், வீட்டிலிருந்து வரும் எலுமிச்சை ஊறுகாய் இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கிட்னி நோயாளியிடம் உப்புக்குப் பதில் 'லோ சோடியம் சால்ட்' இருந்தால் வாங்கி வைத்துவிட்டு உடனே சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ளவருக்கு இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு, தக்காளி சூப் ஆகாது. உறவினர்கள் பார்க்க வரும்போது கொண்டுவருவதும் இதே பட்டியல்தான். பொட்டாசியத்தைக் குறைக்கக் காய்களை மெல்லியதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். சமையல்காரர் 'சத்தெல்லாம் போயிடுமே' என்று அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றுவார். வடித்ததன் நோக்கமே அங்கே போய்விடும். வடித்ததைக் கண்ணால் பாருங்கள்.

டயாலிசிஸ் தொடங்காத கிட்னி நோயாளிக்குப் புரதம் குறைவு, டயாலிசிஸில் இருப்பவருக்கு அதிகம். இருவர் தட்டும் 'ரீனல் டயட்' என்ற ஒரே பெயரில் போனால் ஒருவருக்கு நிச்சயம் தப்பு. லிஸ்ட்டில் இரண்டையும் வேறு வேறாக எழுத வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீர் அளவு நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் பால், காபி, ரசம், மோர், கஞ்சி, ஐஸ் எல்லாம் அதற்குள்தான். மாத்திரை போடக் குடிக்கும் தண்ணீருக்கு முதலில் 200 மில்லி ஒதுக்குங்கள். மீதி 800ஐத்தான் தட்டுகளுக்குப் பிரிக்க முடியும். ரசத்தை நிறுத்திக் கூட்டைக் கெட்டியாகக் கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சமாகும்.

தெளிந்த திரவ டயட்டில் பால் கிடையாது, அரிசிக் கஞ்சியும் கிடையாது. டம்ளருக்குப் பின்னால் எழுத்தைப் பிடித்தால் படிக்க முடிய வேண்டும் என்பது எளிய சோதனை. வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், தெளிந்த ரசம், பால் சேர்க்காத டீ. குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன் சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், ரத்தம் போலத் தெரியும். இந்த டயட்டில் சத்து ஏறக்குறைய இல்லை. யாராவது மூன்று நாளாக இதிலேயே இருந்தால் லிஸ்ட்டில் வட்டமிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்ற மறந்திருப்பார்கள்.

ஒவ்வாமை கேட்கும்போது 'அலர்ஜி இருக்கா?' என்றால் தூசி, தும்மல் என்பார்கள். எந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் தடிக்கிறது, வாய் வீங்குகிறது என்று கேளுங்கள். சத்துமாவுக் கஞ்சியில் வேர்க்கடலையும் முந்திரியும் ஒளிந்திருக்கும்.

விழுங்கச் சிரமப்படுபவர்கள்

பக்கவாதம் வந்தவர்களுக்கு, பானமும் உணவும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு நிலை எண் எழுதுவார். 0 முதல் 7 வரை உள்ள சர்வதேச அளவுகோல் இது. பானங்கள் 0 முதல் 4, உணவு 3 முதல் 7. நம் கிச்சனில் 'கொஞ்சம் கெட்டியா' என்று சொன்னால் ஒவ்வொரு ஷிப்டுக்கு ஒரு கெட்டி வரும். அளந்து பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும்: ஊசியைக் கழற்றி, அடியை விரலால் மூடி 10 மில்லி வரை நிரப்பி, 10 விநாடி விட்டுத் திரும்ப மூடுங்கள். மீதி 1 மில்லிக்குள் என்றால் நிலை 0, 1 முதல் 4 என்றால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் மீந்தும் சொட்டினால் நிலை 3, ஒன்றுமே வழியவில்லை என்றால் நிலை 4. 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் உள்ள சிரிஞ்சுக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும். அளந்து வாங்குங்கள், எல்லா பிராண்டும் ஒன்றல்ல.

உணவில் நிலை 5 என்றால் துண்டு 4 மில்லிமீட்டர், முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே புக வேண்டும். நிலை 6 என்றால் 15 மில்லிமீட்டர், கட்டைவிரல் நக அகலம்.

நம் சாப்பாட்டில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, சாம்பாரில் மிதக்கும் இட்லி, ரசம் சாதம் போன்றவை. திடமும் தண்ணீரும் ஒரே வாயில் போகும்போது தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும். பார்க்க மெத்தென்று இருப்பதால் எல்லோரும் இதைத்தான் கொடுக்கிறார்கள். இட்லியைக் கெட்டிப் பருப்பில் மசித்து, தனித் தண்ணீர் நிற்காதபடி கொடுக்க வேண்டும். இரண்டாவது, மாவு போட்டுக் கெட்டியாக்கிய கஞ்சி. எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்யும். கடைசி வாய் தண்ணீராக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள், அல்லது சாந்தன் பிசின் வகைக் கெட்டிப்பான் கேளுங்கள். மூன்றாவது, கறிவேப்பிலை, கடுகு, உளுத்தம்பருப்புத் தாளிப்பு. நிலை 4க்கு அரைத்த பிறகு மேலே தாளித்துக் கொட்டினால் அரைத்தது வீண்.

டியூப் ஃபீட் தயாரிப்பு

ஃபார்முலா பவுடர் வாங்க முடியாத இடங்களில் இன்னும் கிச்சன் ஃபீடுதான். ஒரு லிட்டருக்கு ஒரு மாதிரி அளவு: டோன்டு பால் 500 மில்லி, வறுத்த ரவை 40 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், சர்க்கரை 40 கிராம், எண்ணெய் 20 மில்லி, நன்றாக வெந்த முட்டை ஒன்று, மீதி கொதித்தாறிய தண்ணீர். கூட்டினால் ஏறக்குறைய 920 கிலோ கலோரி, 32 கிராம் புரதம். சர்க்கரை, கிட்னி, கல்லீரல் நோயாளிக்கு இது பொருந்தாது, அவரவருக்கு டயட்டீஷியன் அளவு எழுதித் தருவார். உங்கள் வேலை கிராம் தவறாமல் அப்படியே செய்வது. 'ஒரு கைப்பிடி ரவை' என்று ஆரம்பித்தால் இன்று 900, நாளை 600.

1. கை கழுவி, தொப்பி, முகக்கவசம் போடுங்கள். தனி மிக்ஸி ஜார், தனி வடிகட்டி. ஜாரின் வாஷரையும் பிளேடு அடிப்பாகத்தையும் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். கிருமி குடியிருப்பது அங்கேதான்.
2. பருப்பையும் ரவையையும் குழைய வேகவைத்து, மீதிப் பொருட்களோடு அரைத்து, மெல்லிய எஃகு வடிகட்டியில் இருமுறை வடியுங்கள்.
3. மொத்தத்தையும் திரும்பக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். வடிகட்டும்போது பட்ட கிருமிக்கு இதுதான் வழி.
4. பிறகு கொதித்தாறிய தண்ணீர் சேர்த்துச் சரியாக ஒரு லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். கொதித்து வற்றியதை ஈடுகட்டாவிட்டால் 850 மில்லிதான் இருக்கும், கெட்டியாக அடைக்கும்.
5. பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, வேளைக்கு ஒரு பாட்டிலாகப் பிரித்து, பெயர், பதிவு எண், அளவு, தயாரித்த நேரம், கெடு நேரம் எழுதி 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும்.

வார்டுக்குப் போன பாட்டில் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத வார்டில் இதற்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. மீதியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைப்பது நடக்கும். பார்த்தால் கொட்டிவிடுங்கள்.

ஃபீட் ரொம்பக் கெட்டியாகிறது, தண்ணீர் சேர்த்தால் கலோரி குறைகிறது என்றால் முளைகட்டிய கேழ்வரகு மாவு உதவும். வெந்த கஞ்சி 70 டிகிரி அளவுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் கலந்து சில நிமிடம் விட்டால் இளகிவிடும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்து ஒன்றும் நடக்காது. இளகிய பிறகு திரும்பக் கொதிக்க வையுங்கள், பச்சை மாவு உள்ளே போகக் கூடாது.

டியூப் அடைத்தால் உடனே ஃபீடைத்தான் குறை சொல்வார்கள். பாதி நேரம் காரணம் பொடித்த மாத்திரையை ஃபீடோடு கலந்தது, அல்லது ஃபீடுக்குப் பின் 30 மில்லி தண்ணீர் விடாதது. இன்னொன்று, பால் ஃபீட் போன கையோடு எலுமிச்சை அல்லது ஆரஞ்சு ஜூஸ் விடுவது. டியூபுக்குள்ளேயே பால் திரிந்து கட்டியாகும். கொடுப்பது சிஸ்டர் வேலை என்றாலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று போகிறபோக்கில் பார்த்துச் சொல்லலாம். பேதி என்றாலும் இதே கதை. ஆன்டிபயாட்டிக், சிரப் மருந்தில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி, கழுவாத பாட்டில் ஆகியவற்றை விசாரித்த பிறகு ஃபீடைச் சந்தேகிக்கலாம்.

சூடு

சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5க்குக் கீழ், திரும்பச் சூடாக்கினால் நடுப்பகுதி 75. தெர்மாமீட்டரை வாரம் ஒருமுறை ஐஸ் தூளும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து 0 காட்டுகிறதா பாருங்கள். கிச்சனில் அளந்தது போதாது. கடைசி வார்டின் கடைசித் தட்டை மாதத்துக்கு இருமுறை அளந்தால் உண்மை தெரியும். இட்லி அண்டாவில் 85 காட்டியது ஐந்தாம் மாடியில் 45ஆக இருக்கும். சாப்பாடு பிடிக்கவில்லை என்ற புகாரில் பெரும்பங்கு ஆறிப்போனதுதான். உணவைத் தொடும் எல்லோருக்கும் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைச் சான்று உணவுப் பாதுகாப்பு விதிப்படி கட்டாயம். உங்களுக்கும் சேர்த்து.

கலோரி கவுன்ட்

ஆரம்பத்தில் சொன்ன இடைவெளியை அளப்பது இங்கே. டயட்டீஷியன் 'மூன்று நாள் கவுன்ட்' என்று எழுதினால் நாளொன்றின் எல்லா வேளையும், நடுவே வந்த பிஸ்கட்டும் வீட்டு டிபனும் உட்பட எழுத வேண்டும்.

முதலில் உங்கள் கிச்சனின் அளவுகள் தெரிய வேண்டும். இணையத்தில் பார்த்த 'ஒரு இட்லி 39 கலோரி' உங்கள் இட்லிக்குப் பொருந்தாது. கணக்கு இப்படி: 1 கிலோ புழுங்கலரிசி 3510 கிலோ கலோரி, கால் கிலோ உளுந்து 810. கூட்டினால் 4320. உங்கள் தட்டில் அந்த மாவு 70 இட்லி வந்தால் ஒன்றுக்கு 62, புரதம் 2 கிராம். அச்சு பெரிதாகி 55 வந்தால் 79. மூலப்பொருள் எண்களுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார், பொங்கல், கிச்சடி எல்லாவற்றுக்கும் ஒருமுறை உட்கார்ந்து போட்டுவிட்டால் வருடக்கணக்கில் உதவும். அளவு மாறினால் திரும்பப் போடுங்கள்.

தட்டு எடுக்கும் ஆள் வருவதற்கு முன் நீங்கள் போக வேண்டும். முழுதும், முக்கால், பாதி, கால், தொடவில்லை என்ற ஐந்து அளவு போதும், ஆனால் பதார்த்தம் வாரியாக. 'மதியம் பாதி' என்று எழுதினால் பயனில்லை. சாதம் பாதி போய் முட்டை அப்படியே இருந்தால் புரதம் போகவில்லை. சாம்பார்க் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், தெளிவை ஊற்றிக்கொண்டு பருப்பை அடியிலேயே விட்டிருப்பார்கள். தட்டு காலியாக இருந்தால் கூட இருப்பவர் சாப்பிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். அவரும் பசியோடுதான் உட்கார்ந்திருக்கிறார், குற்றவாளி போல விசாரிக்காதீர்கள். "அம்மா, நீங்க சாப்பிட்டாச்சா? ஐயா எவ்வளவு சாப்பிட்டார்?" என்றால் தானாகச் சொல்வார்.

60 கிலோ பெண், தேவை 1500 கிலோ கலோரி, புரதம் 60 முதல் 72 கிராம். ஒரு நாள் கவுன்ட்: காலை இட்லி மூன்றில் இரண்டு 124, சாம்பார் பாதி 30. பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட பால் 150 மில்லி 127. மதியம் சாதம் 200 கிராமில் பாதி 125, பருப்பு 60, முட்டை 70, பொரியல் தொடவில்லை. மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும் 94. இரவு ஒரு இட்லி 62, பால் 100 மில்லி 58. கூட்டினால் 750 கிலோ கலோரி, புரதம் 29 கிராம். தேவையில் பாதி. இந்த அம்மாவைத்தான் 'நல்லா சாப்பிட்டாங்க' என்று சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் ஒரு வேளையும் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை.

இனி காரணம் தேட வேண்டும். "பாட்டி, மூணுல ஒண்ணு மீதி இருக்கே, மெல்லக் கஷ்டமா, இல்ல பிடிக்கலையா?" பல் செட் வீட்டில் இருக்கும். வாய்ப்புண் இருக்கும், காரம் எரியும். டிரிப்ஸ் ஏறும் கை வலது கையாக இருக்கும், பிசைந்து சாப்பிட முடியாது. கக்கூஸ் போக உதவிக்கு ஆள் இல்லை என்று தண்ணீரும் சோறும் குறைப்பவர்கள் உண்டு, இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். செவ்வாய், வெள்ளி முட்டை சாப்பிடாதவருக்கு அன்று முட்டையே போய்க்கொண்டிருக்கும். இவற்றில் பலவும் டயட் மாற்றாமலே தீரும்: ஸ்பூன், காரமில்லாத கிச்சடி, முட்டைக்குப் பதில் சுண்டல் அல்லது பனீர், பாலில் இரண்டு ஸ்பூன் பால் பவுடர், மூன்று வேளைக்குப் பதில் ஆறு.

எழுதுவது

'உணவு உட்கொள்ளல் திருப்தி' என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். ஒரு நல்ல குறிப்பு இவ்வளவுதான்: "சாஃப்ட் டயட், 2ஆம் நாள். உட்கொண்டது 750 கிலோ கலோரி, புரதம் 29 கிராம், தேவையில் 50 சதவீதம். எடை 60.2, நேற்று 60.4, வீக்கம் இல்லை. காரணம்: வாய்ப்புண், காரம் எரிகிறது. செய்தது: காரமில்லா கிச்சடி, பால் பவுடர் சேர்த்த பால் இருவேளை, மாலை 5 மணி முதல். டயட்டீஷியனுக்குச் சொன்ன நேரம் 4.40." நேரமும் கையெழுத்தும் வேண்டும். நோயாளி சொன்னதையும் நீங்கள் கண்ணால் பார்த்ததையும் கலக்காதீர்கள். 'தெரிவித்தார்' என்றும் 'பார்த்தது' என்றும் பிரித்து எழுதுங்கள்.

இரண்டு நாள் தொடர்ந்து பாதிக்குக் கீழே சாப்பிட்டவர், சாப்பிடும்போது இருமுபவர் அல்லது குரல் ஈரமாக மாறுபவர், ஃபீட் வாந்தியாக வருபவர், 24 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் இருப்பவர், தவறான தட்டு போனவர். இந்த ஐந்தும் குறிப்பேட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே ஆளிடம் சொல்ல வேண்டும். இருமல் என்றால் அப்போதே ஊட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தவறான தட்டு என்றால் அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது மாலை ஷிப்டுக்கு முழு லிஸ்ட்டையும் வாசித்துக் காட்ட வேண்டாம். இன்று மாறியவர்கள், தட்டு எடுத்து வைத்திருப்பவர்கள், ஃபிரிட்ஜில் எத்தனை பாட்டில் எந்த நேரக் கெடுவோடு இருக்கிறது, நாளைக் காலை யார் யார் வெறும் வயிறு. கவுன்ட் நடப்பவர்களின் தாளைப் பெட் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பார்த்து எழுதப்போவது யார் என்று பெயரோடு கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.